மஞ்சக்குப்பத்தில் ஒரு பேச்சு மேசை: காப்பிக்கடை உரையாடல் வட்டம் குறித்த மதிப்புரை

கடலூர் மஞ்சக்குப்பத்தில், மைதானத்தைத் தாண்டி உள்ளடங்கிய தெரு ஒன்றில், திண்ணை வைத்த பழைய ஓட்டுவீட்டின் முன்கட்டில் ஒரு காப்பிக்கடை நடந்துவருகிறது. காலையில் அலுவலகம் செல்வோர் நின்றபடியே குடித்துவிட்டுப் போகும் சாதாரணக் கடைதான். ஆனால் சனிக்கிழமை மாலைகளில் வீட்டின் கூடத்தில் நீண்ட தேக்கு மேசையைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்து, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஒரே கேள்வியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள். இதற்குக் கட்டணம் உண்டு, முன்பதிவு உண்டு, விதிகளும் உண்டு. பேசுவதற்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்று கேள்விப்படுகிற எல்லோரும் கேட்கிறார்கள். கொடுக்கலாம் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையும், இந்த ஏற்பாடு இன்னும் எங்கெங்கே குறைபடுகிறது என்பதையும் சொல்வதற்காக இதை எழுதுகிறேன். கடையை நடத்தும் தம்பதியர் விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரைக் குறிப்பிடவில்லை. கடைக்குப் பெயர்ப்பலகையும் கிடையாது. மைதானத்தருகே விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

கட்டணம் ஒருவருக்கு 80 ரூபாய், மாணவர்களுக்கு 40 ரூபாய். இரண்டு முறை காப்பியும் ஒரு கிண்ணம் சுண்டலும் அதில் அடக்கம். புதன்கிழமையன்றே கடைவாசலில் உள்ள சிலேட்டுப் பலகையில் அந்த வாரத்துக் கேள்வியைச் சாக்கட்டியால் எழுதிவிடுகிறார்கள். "உங்கள் தொழிலில் எந்த நுணுக்கத்தை, யாரிடமிருந்து கற்றீர்கள்?", "உறுதியாக நம்பிய ஒன்றை எப்போது, எதனால் கைவிட்டீர்கள்?", "வீட்டில் யாரும் கேட்காததால் சொல்லாமலே இருக்கும் செய்தி எது?" என்பன போன்ற கேள்விகள். மூன்று நாள் அவகாசம் இருப்பதால் வருகிறவர் எதையாவது யோசித்துக்கொண்டுதான் வருகிறார். நாட்டு நடப்பு, தேர்தல், திரைப்படம் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் பலகையில் வருவதில்லை. அவை பேசக்கூடாதவை என்பதால் இல்லையாம், அவற்றில் ஒவ்வொருவரும் வேறெங்கோ கேட்டதையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்பதால். நான் கவனித்தவரையில் அந்தக் கணிப்பு சரியானது.

விதிகள் மூன்றுதான். கண்டதையும் செய்ததையும் பட்டதையும் கொண்டு பேச வேண்டும். ஒருவர் தம் இடர்ப்பாட்டைச் சொன்னால், அறிவுரை கூறுமுன் அவரிடம் குறைந்தது ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். ஒருவர் பேசி முடித்ததும், அடுத்துப் பேச விரும்புகிறவர் முதலில் ஒரு வாய் காப்பி குடிக்க வேண்டும். இந்த மூன்றாவது விதியைப் படித்தவுடன் விளையாட்டுப் போலத் தோன்றும். மேசையில் உட்கார்ந்து பார்த்தால், மொத்த ஏற்பாடும் அந்த ஒரு வாய் காப்பியின் மீதுதான் நிற்கிறது என்பது புரியும்.

வட்டத்தை நெறிப்படுத்துகிறவர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் அம்மையார். வயது வேறுபாடின்றி எல்லோரும் அவரை "டீச்சரம்மா" என்றே அழைக்கிறார்கள். காப்பி விதி அவருடையது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970களில் வெளியிட்ட முடிவிலிருந்து அதைத் தாம் உருவாக்கிக்கொண்டதாகச் சொன்னார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மாணவர் வாயைத் திறந்து மூடியதும் அதே வேகத்தில் அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள் என்று ரோ கண்டறிந்தார். காத்திருக்கும் நேரத்தை மூன்று விநாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மாணவர் ஒரு பதிலைச் சொல்லி நிறுத்திய பிறகு விடப்படும் இடைவெளியில்தான் பெரும்பாலும் அந்தப் பதிலின் முக்கியமான பகுதி வெளிவருகிறது. டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றி ஒரு வாய் குடிக்க மூன்று விநாடிக்குக் குறையாது. "பொறுமையா இருங்கன்னு சொன்னா யாரும் இருக்கமாட்டாங்க, சூடா காப்பி குடுத்தா இருப்பாங்க," என்பது டீச்சரம்மாவின் விளக்கம்.

இதன் பயனை நான் முழுமையாக உணர்ந்த மாலை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று பலகையில் இருந்த கேள்வி, "இழந்ததில் எதைத் திரும்ப உண்டாக்கினீர்கள்?" என்பது. கடலூர்க்காரர்களிடம் கேட்கக்கூடாத கேள்வி என்றே முதலில் எண்ணினேன். 2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இழப்புக் கணக்கு உண்டு. ஒருவர் தொடங்கினால் மற்றவர் தம்முடையதைக் கொண்டு அதை மூடிவிடுவார். பண்ருட்டிக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து வந்திருந்த விவசாயி ஒருவர் முதலில் பேசினார். "தானே புயல்ல முந்திரி முழுக்கப் போச்சு. அப்பா வெச்ச பலா ஒண்ணு, அதுவும் வேரோட சாஞ்சுது. நிவாரணம் குடுத்தாங்க. மறுபடியும் வெச்சேன்." அவ்வளவுதான். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் அந்தப் புயல் கரையைக் கடந்தபோது இந்த வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பதை மேசையில் இருந்த அனைவரும் அறிவர். ஆகவே அவர் சொன்னது புதிய செய்தியாக யாருக்கும் படவில்லை. எதிரே இருந்தவர் தம் வீட்டுக் கூரை பறந்ததைச் சொல்ல ஆயத்தமானார். விதிப்படி டம்ளரை எடுத்தார்.

அந்த இடைவெளியில் ஒரு செவிலியர் கல்லூரி மாணவி கேட்டாள்: "ஐயா, பலா காய்க்க ரொம்ப வருஷம் ஆகும்னு தெரிஞ்சேதானே வெச்சீங்க? அப்ப உங்களுக்கு என்ன வயசு?" அறுபத்தொன்று என்றார் அவர். பிறகு அவராகவே தொடர்ந்தார். ஒட்டுக்கன்று வைத்தால் சீக்கிரம் காய்க்கும் என்று எல்லோரும் சொன்னார்களாம். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது தம் தகப்பனார் வைத்த மரத்தின் பழம். ஒட்டுக் கட்டத் தாய்மரம் உயிரோடு இருக்க வேண்டும், அதுதான் சாய்ந்துவிட்டதே. டிசம்பர் மாதத்தில் பழமும் இல்லை, விதையும் இல்லை. பலா விதையை எடுத்துவைத்தால் நாளாக ஆக முளைப்புத் திறன் போய்விடும் என்பதால் பழைய விதையும் கைவசம் கிடையாது. பல ஆண்டுகளுக்கு முன் குறிஞ்சிப்பாடியில் வாழ்க்கைப்பட்ட தம் அக்காள் அதே மரத்துப் பழத்தைத் தின்றுவிட்டுக் கொல்லையில் போட்ட விதை ஒன்று மரமாகியிருந்தது. புயலில் அது பிழைத்துவிட்டது. அடுத்த கோடையில் அக்காள் வீட்டுப் பழத்திலிருந்து விதை எடுத்து வந்து ஊன்றியிருக்கிறார்.

மறுபடியும் ஒரு வாய் காப்பி. சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் ஆய்வகப் பணியில் இருப்பவர் கேட்டார்: "அதே ருசி வந்துச்சாங்க?" பெரியவர் சிரித்தார். விதையில் வளர்ந்த பலா தாய்மரத்தைப் போலவே வராது, மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது என்று எங்களுக்கு விளக்கினார். சுளை சற்றுச் சிறியதாம், சக்கை கூடுதலாம். மணம் மட்டும் அவர் சிறுவயதில் அறிந்த மணமாம். "மொதப் பழத்த யார் சாப்பிட்டாங்க?" என்று கேட்டது அந்தப் பெண்தான். அக்காளுக்கு அனுப்பியதாகவும், அவர் அந்த ஆண்டு படுக்கையில் இருந்ததாகவும், இரண்டு சுளைதான் தின்ன முடிந்ததாகவும் சொல்லிவிட்டுப் பெரியவர் பேச்சை நிறுத்தினார். கூரை பறந்த கதையைச் சொல்ல வந்தவர் அன்று அதைச் சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் பெரியவர் ஒரு துணிப்பை நிறைய ஈரம் காயாத பலா விதைகளைக் கடைக்குக் கொண்டுவந்தார். கொல்லை இருக்கிறவர்கள் எடுத்துப்போனார்கள்.

இந்த அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பெரியவர் முதலில் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கேட்டவர்களிடமும் அக்கறைக் குறைவு இல்லை. இருந்தும் முதல் பதிலோடு பேச்சு முடிந்திருந்தால் அவர் நிவாரணம் பெற்ற ஒரு விவசாயியாகவே எங்கள் நினைவில் தங்கியிருப்பார். பலாவின் மகரந்தச் சேர்க்கை, ஒட்டுக்கும் விதைக்கும் உள்ள வேறுபாடு, விதை ஏன் காயக்கூடாது என்பவற்றையெல்லாம் அன்று நான் அறிந்துகொண்டேன். இவை வேளாண்மைக் கையேடுகளிலும் இருப்பவைதான். ஆனால் ஒரு மனிதர் எதற்காக இவற்றையெல்லாம் அறிந்துகொள்ள நேர்ந்தது என்பதோடு சேர்த்துக் கேட்டதால் அவை மறக்கவில்லை. அறிவும் உறவும் ஒரே கேள்வியில் ஒன்றாக வந்தன. எந்த உரையாடலுக்கும் நான் இப்போது வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: முதல் பதிலுக்குப் பிறகு, அந்தப் பதிலிலிருந்தே பிறந்த இரண்டாவது கேள்வியை யாராவது கேட்டார்களா? இந்தக் கடையில் கேட்கிறார்கள். 80 ரூபாய் அதற்காகத்தான்.

மஞ்சக்குப்பத்தில் இப்படி ஓர் ஏற்பாடு நடப்பது எனக்குக் கூடுதல் நிறைவைத் தருகிறது. 1934இல் இங்கே பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். விழுப்புரத்தில் மாமாவின் வீட்டிலும், பின்னர் சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்திலும் பெரியவர்கள் பேசுவதையும் வாதிடுவதையும் கேட்டுக் கேட்டே அவர் வளர்ந்தார். ஞானபீட விருது வரை உயர்ந்தார். பிற்காலத்தில் சென்னையில் அவருடைய வீட்டு மாடியில் நண்பர்கள் கூடிய சபை தமிழ் வாசகர் பலரும் கேள்விப்பட்டது. சற்று வடக்கே போனால் புதுச்சேரி. 1908இல் பாரதியும் 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் அடைக்கலம் தேடி வந்த ஊர் அது. அவர்கள் மாலைவேளைகளில் கூடிப் பேசியதும், பாரதியின் துணையோடு அரவிந்தர் தமிழ் பயின்றதும் வரலாறு. பெரிய மனிதர்களை மட்டும் சொல்வானேன்? திராவிட இயக்கம் வேரூன்றிய காலத்தில் படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் எழுத்தறிந்த ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, மறுத்து, விவாதித்து உலகத்தைத் தெரிந்துகொண்டார்கள். பள்ளிக்கூடம் எட்டாத இடங்களில் அந்தப் பேச்சே பள்ளிக்கூடமாக இருந்தது. இந்தக் கடையினர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நம்மிடம் இருந்து கைநழுவிப்போன ஒரு பழக்கத்துக்கு மேசையும் நேரமும் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒப்பிடுவதற்காக இன்னொன்றையும் சொல்லலாம். புதுச்சேரியில் ஆளுமை வளர்ச்சி என்ற பெயரில் நடக்கும் பேச்சுப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கும் சில வாரங்கள் சென்றிருக்கிறேன். குரலை உயர்த்துவது, கண்ணைப் பார்த்துப் பேசுவது, கையசைவு, தயக்கமின்றித் தொடர்வது எல்லாம் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். வேலைக்கான நேர்காணலுக்கு அது உதவும். ஆனால் அடுத்தவர் பேசும்போது நாம் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பாடத்திட்டத்தில் எங்கும் இல்லை. வகுப்பு முடிந்து வெளியே வந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் ஊர்கூட நினைவில் இருக்காது. கட்டணம் இதைவிடப் பன்மடங்கு அதிகம்.

ஞாயிறு காலையில் இதே கூடத்தில் மாணவர் வட்டம் நடக்கிறது. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். டீச்சரம்மா அவர்களுக்குப் பாடம் நடத்துவதில்லை. ஒரு வினாவைக் கொடுத்து, ஒவ்வொருவரும் தம் விடையைத் தனித்தனியே எழுதிய பிறகு, மூவர் மூவராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் காரணம் சொல்லச் சொல்கிறார். நான் பார்த்த நாளில் கொடுத்த வினா: ஒரு குளத்தில் படகு மிதக்கிறது, அதில் பெரிய கல் ஒன்று இருக்கிறது, அந்தக் கல்லைத் தூக்கிக் குளத்துக்குள் போட்டால் குளத்தின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, மாறாமல் இருக்குமா? பெரும்பாலோர் ஏறும் என்று எழுதியிருந்தார்கள். சிலர் மாறாது என்றார்கள். தேவனாம்பட்டினத்துச் சிறுவன் ஒருவன், ஐஸ் பெட்டி ஏற்றினால் படகு எவ்வளவு அமிழும் என்பதைக் கையால் காட்டிச் சொன்னான். அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பெண், படகில் இருக்கும்போது கல் தன் எடைக்குச் சமமான தண்ணீரைத் தள்ளுகிறது, தண்ணீருக்குள் கிடக்கும்போது தன் பருமனுக்குச் சமமான தண்ணீரை மட்டுமே தள்ளுகிறது என்று பேசிப் பேசியே வந்துசேர்ந்தாள். கல் தண்ணீரைவிட அடர்த்தி மிக்கது என்பதால் மட்டம் இறங்கத்தான் வேண்டும். நம்ப மறுத்தவர்களுக்காகச் சமையலறையிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவும் எவர்சில்வர் கிண்ணமும் எடைக்கல்லும் வந்தன. டப்பாவில் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியபோது எழுந்த கூச்சல் வாசல் வரை கேட்டது.

தெரியாதவர்கள் கூடிப் பேசினால் தெரியாமைதானே பெருகும் என்ற ஐயம் அங்கே காத்திருந்த பெற்றோரிடம் இருந்தது. "பேசிக்கிட்டே இருக்குதுங்க, எப்பப் படிக்குங்க?" என்று ஒரு தாய் என்னிடமே வருத்தப்பட்டார். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991 முதல் இந்த முறையைத்தான் பெரிய வகுப்புகளில் கையாண்டார். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு அந்தத் தாயின் ஐயத்துக்கே விடை தேடியது: குழுவில் ஒருவருக்கும் தொடக்கத்தில் சரியான விடை தெரியாதபோதும், கலந்து பேசிய பிறகு, அதே கருத்தைச் சோதிக்கும் வேறொரு வினாவுக்கு மாணவர்கள் முன்னைவிடச் சிறப்பாக விடையளித்தார்கள். தமக்குத் தெரிந்ததாக நினைத்ததை இன்னொருவருக்கு விளக்கும்போதுதான் அதில் உள்ள ஓட்டை தெரிகிறது. அந்த ஓட்டையை அடைப்பதே கற்றல். பயிற்சி மையங்களில் விடைகளை மனப்பாடம் செய்து களைத்த பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒன்றரை மணி நேரம் இப்படிக் கிடைப்பது பெரிய பேறு. இந்த மாணவர் வட்டத்துக்குக் கட்டணம் இல்லை.

காப்பி நன்றாக இருக்கிறது: கறந்த பால், சற்றுக் கூடுதலான டிகாக்‌ஷன், கேட்டால் சுக்குக் காப்பி. சுண்டலில் உப்பு சில வாரங்களில் தூக்கலாக இருக்கும். அதற்குமேல் உணவைப் பற்றிச் சொல்ல ஏதும் இல்லை. சாப்பிடுவதற்காக யாரும் இங்கே வருவதில்லை.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, மேசைக்கு எட்டுப் பேர் என்பது அதிகம். மனிதர்கள் இயல்பாகக் கூடிப் பேசும்போது ஒரே உரையாடலில் நான்கு பேருக்கு மேல் நீடிப்பது அரிது என்று பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1995இலேயே எழுதியிருக்கிறார்கள். ஐந்தாவது ஆள் வந்தால் பேச்சு இரண்டாகப் பிரியும், அல்லது ஒருவர் பேச மற்றவர்கள் பார்வையாளர்களாவார்கள். டீச்சரம்மாவின் திறமையால் எட்டுப் பேர் மேசை பிரியாமல் நிற்கிறது, ஆனால் ஓரங்களில் இருக்கிறவர்கள் சில மாலைகளில் இரண்டு முறைகூடப் பேசாமல் திரும்புகிறார்கள். மேசையை இரண்டாகப் பிரித்து நான்கு நான்கு பேராக உட்கார வைக்கலாம். கூடத்தில் இடம் இருக்கிறது. இன்னொரு நெறியாளர் தேவைப்படுவார் என்பதுதான் தடை என்றால், பழகிய உறுப்பினர்களில் அந்தப் பணிக்குத் தகுதியானவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள்.

இரண்டாவது, ஓசை. கூடத்தின் பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது; மழைக்காலத்தில் பின்கட்டின் தகரக் கொட்டகையில் மழை விழத் தொடங்கினால் பேச்சே கேட்பதில்லை. காது மந்தமான முதியவர் ஒருவர் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார், இப்போது வருவதில்லை. நல்ல உரையாடல் யாருக்கு மிகவும் தேவைப்படுகிறதோ அவரையே இது வெளியே நிறுத்திவிடுகிறது. ஒரு புதிய மின்விசிறிக்கு ஆகும் செலவை உறுப்பினர்களிடமே கேட்டால் மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள்.

மூன்றாவது குறையை நான் மிகவும் கடுமையாகக் கருதுகிறேன். மாலை 5 மணிக்குத் தொடங்கி 7 மணிக்கு முடியும் வட்டத்தில் பெண்கள் குறைவு. நாற்பது வயதுக்கு மேற்பட்ட இல்லத்தரசிகள் அரிதினும் அரிது. அந்த நேரத்தில் வீட்டில் விளக்கேற்ற வேண்டும், பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி செய்ய வேண்டும், கிராமத்துக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருமுறை வந்திருந்த பெரியம்மா ஒருவர், நடுங்கும் குரலில் தொடங்கி, சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போன காலத்தில் பெண்கள் கூலிக் கணக்கை எழுதாமலே எப்படி நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதைச் சொன்னார். விரல் கணுக்களையும் முந்தானை முடிச்சுகளையும் கொண்டு அவர்கள் நடத்திய கணக்குமுறையைக் கேட்டு, வங்கியில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் அடுத்தடுத்துக் கேள்விகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு சூடு பிடித்த வேளையில் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அந்த அம்மா எழுந்து போய்விட்டார். பிறகு அவர் வரவில்லை. அவரிடம் கேட்க எங்களுக்கு எவ்வளவோ மீதம் இருந்தது.

முடிக்கும் நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏழு மணிக்குப் பித்தளை மணியை அடித்துவிடுகிறார்கள். யார் பேச்சின் நடுவில் இருந்தாலும் அத்தோடு சரி. உரையாடல்கள் இருவரும் விரும்பிய நேரத்தில் முடிவது நூற்றுக்கு 2 என்ற அளவில்தான் நடக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர்கள் 2021இல் கண்டிருக்கிறார்கள்; எப்போது விடைபெறுவது என்று தெரியாமல் தவிப்பதிலிருந்து மணி நம்மைக் காப்பாற்றுகிறது என்பது உண்மை. எனினும் கால் மணி நேரம் முன்பே மெல்ல அறிவித்துவிட்டால், பேசிக்கொண்டிருப்பவர் தம் சொல்லை முடித்துக்கொள்வார்.

இந்த வட்டம் எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்லமாட்டேன். தம் கருத்தை நிலைநாட்ட வருகிறவருக்கு இது சலிப்பூட்டும்; அத்தகைய ஒருவர் ஒரு மாலை முழுவதும் சொற்பொழிவாற்றியதையும், டீச்சரம்மா அவரை உரிய நேரத்தில் நிறுத்தாததையும் பார்த்திருக்கிறேன். வணிகத் தொடர்புகளைத் தேடுகிறவருக்கும் இங்கே பயனில்லை. முகவரி அட்டையை நீட்டினால் புன்னகையோடு திருப்பித் தந்துவிடுகிறார்கள். கடலூருக்கு மாற்றலாகி வந்து யாரையும் அறியாமல் இருப்பவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழும் பெற்றோர், கல்லூரியில் நண்பர்கள் இருந்தும் கைப்பேசியை விட்டு நிமிர்ந்து பேச ஆள் கிடைக்காத இளைஞர், ஒரு தொழிலை நெடுங்காலம் செய்துவிட்டு அதைக் கேட்க யாரும் இல்லாமல் ஓய்வு பெற்றவர் ஆகியோர் கட்டாயம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், அந்த இரண்டு மாதங்களில் தேவனாம்பட்டினத்து மீனவர்கள் சிலரும் மேசைக்கு வருகிறார்கள். காற்றையும், நீவாடு என்று அவர்கள் சொல்லும் கடல் நீரோட்டத்தையும் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்க விரும்புகிறவர்கள் அந்தச் சமயம் பார்த்துப் போவது நல்லது.

முன்பதிவைக் கடையில் நேரில் சென்றோ, முந்தைய சனிக்கிழமை வட்டத்தின் முடிவிலோ செய்துகொள்ளலாம். வெள்ளிக்கிழமைக்குள் இடம் நிரம்பிவிடுகிறது. கைப்பேசிகளை வாசலிலுள்ள மரத்தட்டில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். அவசர அழைப்பை எதிர்பார்ப்பவர் முன்கூட்டியே சொன்னால் தம்மிடமே வைத்துக்கொள்ள அனுமதிக்கிறார்கள். பேச்சைப் பதிவு செய்யவோ படம் எடுக்கவோ கூடாது. பெண்களுக்காக வாரநாள் ஒன்றில் காலை 11 மணிக்கு ஒரு வட்டம் தொடங்குமாறு நானும் வேறு சிலரும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பொங்கலுக்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் நடத்திப் பார்ப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நெல்லிக்குப்பத்துப் பெரியம்மாவின் வீட்டுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பை வங்கி இளைஞர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.